பாலசாமி மகளின் வழக்கு

என் அப்பாவின் பெயர் பவுல்சாமி. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று மூன்று தடவை சாந்தோம் பங்குப் புத்தகத்தில் அந்தப் பெயர் ஏறியிருக்கிறது. மூன்று தடவையும் பிழையில்லை. அவர் செத்துப் பல வருஷம் கழித்து அவரைப் பாலசாமி ஆக்கி மதம் மாற்றிவிட்டது எங்கள் வங்கி.

பணி ஓய்வு பெற்ற கையோடு மயிலாப்பூர் கிளையில் ஒரு கணக்குத் தொடங்கினேன். படிவத்தைத் தமிழிலும் நிரப்பலாம் என்று பலகை மாட்டியிருந்தார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் பெண்கள் பள்ளியில் தமிழ் நடத்தியவள் நான், விடுவேனா? ஃப்ளோரன்ஸ் பவுல்சாமி என்று முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்தவர் அதை ஆங்கிலத்தில் தட்டி ஏற்றினார். தமிழில் ப ஒன்றுதான். பவுலுக்கும் அதே ப, பாலனுக்கும் அதே ப. அவருக்குத் தெரிந்த சாமி பாலசாமி, அதையே தட்டிவிட்டார். வங்கியின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. வழக்கு முடியும்வரை வாயை அடக்கச் சொல்லி என் வக்கீல் உத்தரவு.

ஆதாரில் ஒரு அப்பா, வங்கியில் வேறு அப்பா என்றால் எங்கே போனாலும் தொல்லை. திருத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். ‘உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது’ என்று போனுக்கு ஒரு எண் வரும். அதற்கப்புறம் கிணற்றில் போட்ட கல்தான். மறுபடி எழுதுவேன், மறுபடி ஓர் எண் வரும். வாசலில் நிற்கும் காவலாளிக்குக்கூட என் கதை தெரியும். “இன்னா மேடம், இன்னும் பேரு மாறலியா?” என்று கேட்டுக்கொண்டே கதவைத் திறந்துவிடுவார்.

போன பிப்ரவரியில் ஒரு மத்தியானம் வாட்ஸப்பில் வங்கிச் சின்னத்தோடு ஒரு செய்தி வந்தது. ‘அன்புள்ள ஃப்ளோரன்ஸ் பாலசாமி, உங்கள் பெயர் திருத்தக் கோரிக்கை ஏற்கப்பட்டது’ என்று போட்டு, நான் கடைசியாகக் கொடுத்த கோரிக்கையின் எண்ணும் இருந்தது. பின்னாலேயே போன் அடித்தது.

“ஃப்ளோரன்ஸ் பாலசாமி மேடம்ங்களா? பேர் திருத்தம் விஷயமா பேசறேன். அஞ்சு தடவை எழுதிக் கொடுத்திருக்கீங்க. ரொம்ப அலைய விட்டுட்டோம், மன்னிச்சுக்கங்க மேடம்.”

வங்கியிலிருந்து ஒருவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

“பாலசாமி இல்லப்பா, பவுல்சாமி” என்றேன்.

“எழுத்து சொல்லுங்க மேடம். பாண்டிச்சேரி பி-யா, பெங்களூர் பி-யா?”

எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை. “பாண்டிச்சேரி பி” என்றேன். அவன் பொறுமையாக ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிச் சரிபார்த்தான். திருத்தத்தை உறுதி செய்ய ஓர் எண் வரும், சொல்லுங்கள் என்றான். சொன்னேன். இரண்டாவது ஓர் எண் வந்தது, அதையும் சொன்னேன். எண்ணோடு வந்த செய்தியில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை. ஓர் ஒற்று விட்டுப்போனால் அரை மதிப்பெண் குறைத்தவள் நான்.

நான்கு லட்சம் போய்விட்டது.

அந்தப் பணம் எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதிக் கதை புரியாது. நானும் என் கணவர் ரொனால்டும் சாந்தோமில் லீஸுக்கு இருக்கிறோம். மாத வாடகை கிடையாது. பெரிய தொகை ஒன்றை மொத்தமாகக் கொடுத்துவிட்டுக் குடியிருக்க வேண்டும், காலி செய்யும்போது அது திரும்ப வரும். ஜூன் மாதம் லீஸ் முடிகிறது. தொடர்ந்து இருக்க வேண்டுமானால் இன்னும் நான்கு லட்சம் சேர்த்துக் கொடுங்கள் என்று வீட்டுக்காரர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். சொன்னபடி சேர்த்தும் வைத்திருந்தோம். ரொனால்ட் பிறந்தது அதே தெருவில். காலை ஆறு மணிப் பூசைக்கு நடந்து போவார், ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் கட்டைக் குரலில் பாடுவார். அந்தத் தெருவை விட்டு அவரைப் பெயர்ப்பதும் கோயில் மணிக்கூண்டைப் பெயர்ப்பதும் ஒன்று.

பணம் போன அரை மணிக்குள் சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் வங்கிக்கும் சொல்லிவிட்டேன். பணம் அதற்குள் எங்கெங்கோ கைமாறிவிட்டது. போலீசில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து ரொனால்டிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

“இவ்வளவு அலட்சியமாவா இருப்ப, ஃப்ளோ?” என்று மட்டும் கேட்டார்.

பணம் போனதற்கு நான் அழவில்லை. அந்தச் சொல்லுக்கு அழுதேன். சில நாட்களில் வங்கியின் பதில் கடிதமும் வந்தது. ரகசிய எண்ணைப் பகிர்ந்தது வாடிக்கையாளரின் அலட்சியம், ஆகவே இழப்புக்கு வங்கி பொறுப்பல்ல என்று எழுதியிருந்தார்கள். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டது மாதிரி ஒரே சொல்.

மார்ச் ஆரம்பத்தில் வங்கி தன் வாடிக்கையாளர் எல்லோருக்கும் ஒரு செய்தி அனுப்பியது. பெருங்குடியில் இருக்கும் தங்கள் ஒப்பந்த நிறுவனம் ஒன்றிலிருந்து, வாடிக்கையாளர்கள் கொடுத்த புகார்கள், கோரிக்கைகள் பற்றிய விவரங்கள் வெளியே கசிந்திருக்கக்கூடுமாம். ஆனால் ‘உங்கள் பணம் பாதுகாப்பாக உள்ளது.’ பாதுகாப்பாகத்தான் இருக்கும், யாரிடம் என்பதுதான் கேள்வி. எனக்கு அன்றைக்குத்தான் எல்லாம் விளங்கியது. என் அப்பா பெயரை அவர்களே கெடுத்து, அதைத் திருத்தாமல் கிடப்பில் போட்டு, அந்தக் கிடப்பையும் திருடனுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். வேலி பயிரை மேய்ந்தாலாவது வேலிக்கு வயிறு நிறைந்தது என்று இருக்கலாம். இது வேலி படுத்துத் தூங்கிய கதை.

கோபத்தோடு கிளைக்குப் போனேன். எனக்கு முன்பே ஒருவர் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, குரல் தெற்கே திருநெல்வேலிப் பக்கம்.

“என் செக்புக்கு பழைய கடை அட்ரஸுக்குப் போச்சுன்னு உங்ககிட்டதானே எழுதிக் கொடுத்தேன்? அந்தக் களவாணிப்பயலுக்கு அது எப்படித் தெரியும்? புகார் நம்பரோட சொல்லுதான்யா!”

அவர் பெயர் மாணிக்கவாசகம். தியாகராய நகரில் ரவிக்கைத் துணிக் கடை வைத்திருக்கிறார். அவருக்கும் அதே மாதிரி செய்தி, அதே மாதிரி போன், அதே மாதிரி மன்னிப்பு. போனது மூன்றரை லட்சம். ஆடிக்குச் சரக்கு எடுக்க வைத்திருந்த பணம். வந்த ஆத்திரத்தில் போனைச் சுவரில் அடித்து உடைத்துவிட்டார். அதோடு திருடன் அனுப்பிய செய்தி, வங்கி அனுப்பிய பழைய செய்திகள் எல்லாம் தூளாகிவிட்டன.

“உங்ககிட்ட எல்லாம் இருக்கா டீச்சரம்மா?” என்று கேட்டார்.

இருந்தது. நான் எதையும் அழிக்க மாட்டேன். பேத்தியின் பல் முளைத்த படமே என் போனில் முப்பது இருக்கிறது.

இரண்டு பேருமாக வக்கீல் ஜஹீதாவிடம் போனோம். லஸ் பக்கத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் அலுவலகம். நாற்பது வயசு இருக்கும். வேகமாகப் பேசுவார், பேசும்போதே பிஸ்கட் தின்பார். என் போனை வாங்கித் திருடனின் செய்தியையும், அதற்கு இரண்டு மாசம் முன்பு வங்கி அனுப்பிய செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டிலும் ஒரே எண், இரண்டிலும் பாலசாமி.

“மேடம், இந்த உலகத்துல உங்க அப்பாவை பாலசாமின்னு கூப்பிடறது யார் யாரு?”

“வங்கியும் அந்தத் திருடனும்.”

“அப்ப திருடனுக்கு அந்தப் பேர் வேற எங்கேருந்தும் வந்திருக்க முடியாது. நல்லவேளை திருத்தாம வெச்சிருந்தாங்க” என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, பல நாளைக்கு அப்புறம்.

அப்புறம் வழிகளைச் சொன்னார். வங்கியில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு எழுதி முப்பது நாள் காத்திருந்து, பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம். செலவில்லை, வக்கீலும் வேண்டாம்.

“ஆனா அங்க சாட்சியைக் கூண்டுல ஏத்தி விசாரிக்கறது எல்லாம் கிடையாது. காகிதத்தைப் பாத்து முடிவு சொல்வாங்க. உங்க கேஸ்ல ரெண்டு பக்கமும் காகிதம் இருக்கு. ஓடிபி கொடுத்தது நீங்க, தகவலை விட்டது அவங்க.”

“புதுசா ஏதோ தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்காமே?” என்றார் மாணிக்கவாசகம். தினத்தாளைக் கடையில் வரிவிடாமல் படிப்பவர்.

“வந்திருக்கு சார். அதுல பேங்குக்கு அபராதம் பெருசா போடலாம். ஆனா அந்தப் பணம் அரசாங்கத்துக்குப் போகும். உங்களுக்கு ஒரு பைசா வராது.”

“அது என்ன நியாயம்? அடி எனக்கு, எண்ணெய் அவங்களுக்கா?”

ஜஹீதா இன்னொரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு, எங்களுக்குப் பொருத்தமானது கன்ஸ்யூமர் கோர்ட் என்றார். ஒரே மாதிரி பாதிக்கப்பட்டவர்கள் அனுமதி வாங்கிச் சேர்ந்து ஒரே மனுவாகப் போடலாம். வாடிக்கையாளர்தான் தப்பு செய்தார் என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கியுடையது என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. வங்கியின் பக்கம் குறை இருந்தால் இழப்பு வாடிக்கையாளர் தலையில் விழாது.

“ஆனா வாடிக்கையாளர் தானே எண்ணைக் கொடுத்துட்டா முழு இழப்பும் அவரோடதுன்னும் அதே சுற்றறிக்கைல இருக்கு. அவங்க அதைப் பிடிச்சுத் தொங்குவாங்க, நாம இதைப் பிடிச்சுத் தொங்கணும். எந்தப் பக்கம் அறும்னு இப்பவே சொல்ல முடியாது. ஒண்ணு மட்டும் உறுதி. மாணிக்கவாசகம் சார்கிட்ட எதுவும் இல்ல. அவர் கேஸ் நிக்கறது உங்க போன்மேலதான்.”

முதலில் வக்கீல் நோட்டீஸ் போயிற்று. அது போன ஒரு வாரத்தில் என் போனுக்கு வங்கிச் செய்தி வந்தது. ‘அன்புள்ள ஃப்ளோரன்ஸ் பவுல்சாமி, உங்கள் பெயர் திருத்தக் கோரிக்கை நிறைவேற்றப்பட்டது.’

பாண்டிச்சேரி பி. ஒரு நிமிஷம் சந்தோஷமாகவே இருந்தேன், பொய் சொல்லவில்லை. ஜஹீதாவுக்குப் போன் செய்தேன். “ஓஹோ” என்றார். “கணக்குல பாலசாமியே இல்லன்னு சொல்லப் போறாங்க. பழசை எல்லாம் நான் படம் எடுத்து வெச்சிட்டேன். நீங்க போனை மட்டும் கீழ போடாதீங்க.” இத்தனை வருஷம் காலைப் பிடித்துக் கேட்டும் நகராத பாலசாமி, ஒரு நோட்டீஸுக்கு ஓடிவிட்டார். மனு போட்டோம். நுகர்வோர் ஆணையமும் அதை எடுத்துக்கொண்டு வங்கிக்கு அறிவிப்பு அனுப்பியது.

மே மாதம் கிளை மேலாளர் என்னைக் கூப்பிட்டார். பெயர் பரத்வாஜ். நல்ல மனிதர், அதைச் சொல்லத்தான் வேண்டும். புதிதாக மாற்றலாகி வந்தவர். ஏசி அறையில் உட்காரவைத்துக் காபி வரவழைத்தார். டவரா டம்ளரில் நல்ல டிகாக்ஷன் காபி.

“மேடம், மேலிடத்துல பேசியிருக்கேன். உங்க பணம் முழுசா நாலு லட்சமும் நல்லெண்ண அடிப்படைல கொடுத்துடறோம். இந்த வாரமே கணக்குல ஏறிடும். வழக்கை வாபஸ் வாங்கிக்கங்க. வெளிய யார்கிட்டயும் பேசக் கூடாது. அவ்வளவுதான்.”

ஜூனுக்கு இன்னும் மூன்று வாரம்தான். வீடு, தெரு, ரொனால்டின் ஆறு மணிப் பூசை எல்லாம் அந்த மேஜைமேல் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. காகிதத்தை நீட்டினார். எனக்காகத் தமிழிலேயே அடித்திருந்தார்கள். பெயரில் பிழையில்லை. ஒற்றுக்கூட எல்லா இடத்திலும் சரியாக இருந்தது. நான்காவது பத்தி இப்படிப் போயிற்று: ‘எனது சொந்த அலட்சியத்தால் ரகசிய எண்ணைப் பகிர்ந்ததே இழப்புக்குக் காரணம் என்றும், வங்கியின் சேவையிலோ தகவல் பாதுகாப்பிலோ எக்குறைபாடும் இல்லை என்றும் ஒப்புக்கொள்கிறேன்.’

“சார், எண்ணைக் கொடுத்தது நான்தான். அதை எழுதிக்கங்க. ‘எக்குறைபாடும் இல்லை’ங்கறதை மட்டும் எடுத்துடுங்க. எங்கிட்டேருந்து ஒரு வார்த்தை வெளிய வராது. பத்திரிகைக்குப் போக மாட்டேன். பக்கத்து வீட்டுக்கும் சொல்ல மாட்டேன்.”

அவர் எழுந்து வெளியே போய் யாரிடமோ போனில் பேசினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையை ஆட்டிக்கொண்டே நடந்தார். திரும்பி வந்தபோது முகம் வாடியிருந்தது.

“அந்த வரி இல்லாம முடியாதுன்னு சொல்றாங்க மேடம். மத்தது எதை வேணா மாத்தலாமாம். மாசக் கடைசி வரைக்கும் யோசிச்சுச் சொல்லுங்க.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் என் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்த ஒரு வரியை நான்கு லட்சத்துக்கு விலை பேசுகிறார்கள். நான் அதில் கையெழுத்துப் போட்டால் அடுத்த விசாரணையில் அதே காகிதத்தை எடுத்து மாணிக்கவாசகத்தின் முன்னால் நீட்டுவார்கள். பாலசாமி மகளே சொல்லிவிட்டாள், கசிவாவது ஒன்றாவது என்பார்கள். காபியைக் குடித்து முடித்தேன், வீணாக்குவானேன். “போட மாட்டேன் சார்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜஹீதாவிடம் சொன்னபோது, வக்கீலைத் தாண்டி என்னைக் கூப்பிட்டதற்காகப் பத்து நிமிஷம் திட்டினார், பரத்வாஜை அல்ல, என்னை. பிறகு சொன்னார்: “போடறதும் போடாததும் உங்க உரிமை. நான் எதுவும் சொல்ல மாட்டேன். வழக்கு ஒரு வருஷம் ஆகலாம், ரெண்டு வருஷம் ஆகலாம், தோத்தும் போகலாம். அதைத் தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க.”

ரொனால்டிடம் சொன்னது அதைவிடக் கஷ்டம்.

“கையில வந்த பணத்தை விட்டுட்டு வந்தியா?”

“அந்தத் துணிக்கடைக்காரர் கேஸ் விழுந்துடும்ங்க.”

“அவர் யாரு? நமக்கு மாமனா மச்சானா? மூணு மாசம் முன்னாடி வரைக்கும் அவர் மூஞ்சியப் பாத்திருக்கியா? ஜூன்ல நம்மள ரோட்டுல நிறுத்தினா அவர் கடையில போய்ப் படுத்துக்கலாமா?”

நியாயமான கேள்விதான். அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. நானும் பேசினேன், அவரும் பேசினார். அவருடைய அம்மா என் அப்பாவைப் பற்றிச் சொன்னது ஒன்று, கல்யாணமான வருஷத்து விஷயம், அதையும் இழுத்தேன். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவது குறைந்துவிட்டது. காலையில் பூசைக்குப் போனால் பத்து மணிக்குத்தான் வருவார். எங்கே போனீர்கள் என்று நானும் கேட்கவில்லை.

மே மாதம் கடைசி வாரம், மத்தியானம் நாங்கள் சாப்பிட உட்காரும் நேரத்தில் மாணிக்கவாசகம் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை நிறைய ரவிக்கைத் துணி. உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தவர் விசிறியைப் பார்த்தார், மாதா படத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

“டீச்சரம்மா, நான் கையெழுத்துப் போட்டுட்டேன்.”

“எதுல?”

“நேத்து பேங்க்ல கூப்பிட்டாங்க. முழுப் பணமும் தாரோம்னாங்க. ஏதோ ஒரு வரி இருந்துச்சு, தப்பு என்மேலதான்னு. ஆடிக்குச் சரக்கு எடுக்கணும், சூரத்துக்காரன் முன்பணம் இல்லாம அனுப்ப மாட்டேங்கான். வீட்டுக்காரி ராத்திரியெல்லாம் தூங்கல. எனக்கு வேற வழி தெரியல, தாயி. வக்கீலம்மாட்டயும் சொல்லிட்டேன். உங்களைத் தனியா விட்டுட்டேன்னு வஞ்சாங்க.”

எனக்கு வந்த ஆத்திரத்தை இன்னது என்று சொல்ல முடியாது. இந்த ஆளுக்காகவா நான் விட்டேன்? இவருடைய சரக்குக்காகவா என் வீட்டை அடகு வைத்தேன்? எனக்கும் கொடுத்தார்கள், உங்களை நினைத்துத்தான் வேண்டாம் என்றேன் என்று தொண்டைவரை வந்தது. சொல்லியிருந்தால் அவர் அந்த இடத்திலேயே நொறுங்கியிருப்பார். நொறுங்கட்டும் என்றுதான் ஒரு கணம் இருந்தது.

அவரே பேசினார். “உங்களையும் கூப்பிடுவாங்க டீச்சரம்மா. கூப்பிட்டா யோசிக்காமப் போட்டுருங்க. எனக்காகப் பாக்காதீங்க.”

நான் வாயைத் திறந்தேன். பேசியது ரொனால்ட்.

“சாப்பிட்டுப் போங்க சார். வஞ்சிர மீன் குழம்பு. நீங்க சைவமா?”

சைவம்தான். மோர் மட்டும் குடித்துவிட்டு, ரவிக்கைத் துணிப் பையை மேஜைமேல் வைத்துவிட்டு, படி இறங்கும்போது மறுபடி ஒரு தடவை கும்பிட்டுவிட்டுப் போனார். அவர்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை, ஆனால் வெறுப்பு வரவில்லை. வீட்டுக்காரி தூங்கவில்லை என்று சொன்னாரே, அது பொய்யாக இருக்காது.

ரொனால்டுக்குச் சோறு போட்டேன். எனக்கும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இனிமேல் யாருக்காக முறைத்துக்கொண்டு நிற்பது? அவருடைய வழக்கு முடிந்தது. என் வழக்குக்கு எதிராக இனி அவருடைய காகிதத்தையே நீட்டுவார்கள். மாசம் முடிய இன்னும் நாலு நாள் இருக்கிறது. பரத்வாஜ் அறைக்கு ஆட்டோவில் போனால் கால் மணி நேரம். அலட்சியக்காரி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியதுதான். அப்பா பெயரைத்தான் திருத்திவிட்டார்களே.

“நாளைக்குப் போய்ப் போட்டுடறேங்க” என்றேன்.

அவர் மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரமாக வைத்துக்கொண்டிருந்தார். முள் விஷயத்தில் அவர் எப்போதுமே நிதானம்.

“பெருங்குடியில ஒரு வீடு பாத்திருக்கேன்” என்றார். “பத்துப் பதினஞ்சு நாளா அலைஞ்சேன், ஏழெட்டு வீடு பாத்தேன். இது ரெண்டாவது மாடி. நம்ம பழைய லீஸ் பணமே போதும், மேல ஒண்ணும் வேண்டாம்.”

“பெருங்குடியிலயா?” என்றேன்.

“காத்து திரும்பினா குப்பைமேட்டு நாத்தம் கொஞ்சம் வருது. பழகிடும்னு கீழ்வீட்டுக்காரர் சொல்றார். தண்ணி லாரிதான். கோயில் இருக்கு, பஸ்ல ரெண்டு ஸ்டாப். காலைப் பூசை ஆறரைக்குத்தானாம். அரை மணி கூடத் தூங்கலாம்.”

“பாட்டுக் குழு?”

“அங்க இல்லயாம். நான் போய் ஆரம்பிச்சு வைக்கிறேன்.”

இந்தத் தெருவை விட்டு ஒரு வாரம் சேர்ந்தாற்போல் வெளியூரில் தங்காத மனிதர். வேளாங்கண்ணிக்குப் போனால்கூட மறுநாளே ஊருக்குக் கிளம்பலாம் என்பார்.

“ஏங்க, அந்தக் கையெழுத்து?” என்றேன்.

“எந்தக் கையெழுத்து?” என்றார். குழம்புச் சட்டியைத் தன் பக்கம் இழுத்து, நடுத்துண்டாகப் பார்த்து ஒன்றை எடுத்து என் தட்டில் வைத்தார்.